வீட்டுக்கு ஒரு ஓட்டு

— தைலத்த மெள்ள தேயுங்க. முட்டுல தோலு உரிஞ்சிருக்கு.

— உரியாதா பின்ன? கராமா ஓட்டல் மாடியில, ஓட்டுப்பெட்டிக்கு முன்னால, அத்தன பொம்பளைங்களும் முட்டுபோட்டா? அதுவும் புருஷன் நம்ம ஊர்க்காரங்க சங்கத்துல செயலாளருக்கு நிக்கிற அன்னைக்கு.

— கொடி பிடிச்சுக் கோஷம் போட இந்தக் கல்ஃப் என்ன நம்ம ஊரா? அதான் ஜெபமால சொன்னோம். ஜெபம் சொல்லுத பொம்பளய தாண்டிப் போவ ஒருத்தனுக்கும் தைரியம் வரல.

— ஒண்ணு முடிஞ்சா அடுத்தது. பிரியாணி ஆறிப் போச்சு ரெபேக்கா. தேர்தல நடத்தித் தர வந்த பத்மநாபன் சாரு, பாவம், அவரும் கையக் கூப்பிக்கிட்டு நின்னாரு.

— கிறிஸ்மஸுக்குப் பலகாரம் சுட நாங்க வேணும். ஓட்டு மட்டும் வீட்டுக்கு ஒண்ணு, அதுவும் குடும்பத் தலைவருக்கு.

— அத நானா எழுதினேன்?

— எழுதல. ஆனா எந்திரிச்சு நின்னு பேசினது நீங்கதான. குடும்பத் தலைவரு யாருன்னு சட்டப்படி பாருங்க, இவளுக வழிய விடட்டும்னு.

— அந்த பத்மநாபன் சாரு இந்த ஊரு சட்டத்தப் பாப்பாருன்னு கண்டேனா? விசாவுக்கு யாரு ஸ்பான்சரோ அவங்கதான் தலைவருன்னாரு. சரி மரியராஜ், ஒங்க ஸ்பான்சர் யாருன்னாரு.

— நீங்க என்ன சொன்னிய?

— ஒனக்குக் கேக்கலியா?

— கேட்டுது. இன்னொருக்கா சொல்லுங்க.

— எம் பொண்டாட்டின்னேன். ஆஸ்பத்திரியில நர்ஸுன்னேன். கம்பெனி மூடுன பொறவு அவ விசாவுலதான் இருக்கேன்னேன். ஒருத்தனும் சிரிக்கல, அதான் தாங்க முடியல. ஓட்டும் கெடையாது, தேர்தல்ல நிக்கவும் முடியாதுன்னுட்டாரு. இறங்கி வந்து மெட்ரோ ஏறிட்டேன்.

— நீங்க போன பொறவு, ஸ்பான்சர் பண்ணுத பொம்பளைக்கும் ஓட்டு உண்டுன்னாரு, நாங்களும் எந்திரிச்சு வழிய விட்டோம். என்னைய உள்ள கூப்பிட்டாரு.

— கூப்பிடாம? தலைவியாச்சே. யாருக்குப் போட்ட?

— சீட்ட கையில வாங்கிட்டேன். அப்பதான் ஷாஜினிய பாத்தேன். காலையிலேருந்து எம் பக்கத்துல முட்டுபோட்டவ. அவ புருஷன் விசாவுல இருக்கா, அதனால அவளுக்கு ஓட்டு இல்லியாம். அவன் ஓட்டுப்போட உள்ள போறான், இவ அவன் செல்போன பிடிச்சிட்டு வெளிய நிக்கா.

— சட்டம் அப்படி. அதுக்கு நீ என்ன செய்வ?

— சீட்ட திருப்பிக் குடுத்தேன். அவ கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்து மறுபடியும் முட்டுபோட்டேன். ஓட்டு கெடச்ச மத்தவளுகளும் வந்துட்டாளுக. தேர்தல அடுத்த ஞாயித்துக்கெழமைக்குத் தள்ளிட்டாங்க.

— அன்னைக்கும் மறிப்பியளா?

— ஆளுக்கு ஒரு ஓட்டுன்னு எழுதுற வரைக்கும் மறிப்போம். எம் பக்கத்துல ஒங்களுக்கும் எடம் சொல்லி வச்சிருக்கேன். இப்ப ஒங்களுக்கும் ஓட்டு இல்லல்லா.