மேலிருந்து கீழே சுற்றிய நாடா

உங்கள் போலீஸ் ஸ்டேஷன் காபி நான் பயந்த அளவுக்கு மோசமில்லை. எங்கள் படகுச் சங்கத்தில் முப்பது வருடமாகக் குடிப்பதைவிட நன்றாகவே இருக்கிறது.

ரைடாரின் கோட்டுப் பையில் கிடைத்ததென்று மேசைமேல் வைத்திருக்கிறீர்களே, பச்சை பூத்த துண்டு, அது என்னவென்று கேட்டீர்கள். கேமரா கேபிளின் இணைப்பு அது. மேலே சுற்றியிருக்கும் கறுப்பு நாடா நான் சுற்றியது. முதலிலிருந்தே சொல்கிறேன். முப்பத்தெட்டு வருடம் தொலைபேசிக் கேபிள்களோடு வாழ்ந்தவன்; நடுவில் தொடங்கினால் எனக்கே சிக்கிக்கொள்ளும்.

எங்கள் சங்கத்தில் ஒவ்வொரு உறுப்பினரும் கோடையில் இரண்டு இரவு படகுத்துறையைக் காவல் காக்க வேண்டும். எல்லோரும் முணுமுணுத்தபடி செய்வார்கள். மனைவி போன பிறகு ரைடார் மட்டும் அடுத்தவர் முறையையும் கேட்டு வாங்கிக்கொள்வான். எங்கள் தலைவி குன்வோர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை. தங்க நங்கூரம் பதித்த தொப்பியோடுதான் தூங்குவார் என்று ஒரு பேச்சு உண்டு. காவலுக்குப் பதில் கேமரா வைப்பதென்று போன ஆகஸ்டில் தீர்மானம் கொண்டுவந்தார். எதிர்த்துக் கை தூக்கியவன் ரைடார் ஒருவன்தான்.

"நம்ம பெர்கன் ஊர் மழைய இது தாங்காது. கிறிஸ்துமஸ் வரைக்கும் ஓடினா பெரிசு," என்றான்.

"இணைப்பு போடறது யாருன்னு தெரிஞ்சு பேசுய்யா. ஒரு சொட்டு தண்ணி உள்ள போகாது," என்றேன்.

"ஆமாமா. நீ பேசற பேச்சுக்கே தண்ணி பயந்து திரும்பிப் போயிடும்."

அறை முழுக்கச் சிரித்தது. குன்வோர் மணியடித்தார். நானும் சிரித்ததாகத்தான் ஞாபகம்.

அடுத்த சனிக்கிழமை கம்பத்தில் ஏணி சாய்த்து ஏறினேன். கீழே பதினான்கு பேர், கையில் வாஃபிளோடு அண்ணாந்து நின்றார்கள். வாழ்நாள் முழுக்கச் சாக்கடைக் குழிக்குள் கேபிள் ஒட்டியவனுக்கு இப்படியொரு சபை அமைந்ததில்லை. விளக்கத் தொடங்கிவிட்டேன். கேபிள் பெட்டிக்குள் நுழையுமுன் கொஞ்சம் கீழே தொங்கி வளைய வேண்டும், அப்போதுதான் வழிந்து வரும் நீர் அங்கேயே சொட்டிவிடும் என்றேன். ரப்பர் நாடாவை எப்போதும் கீழிருந்து மேலே சுற்ற வேண்டும், கூரை ஓடு மாதிரி மேல்சுற்று கீழ்சுற்றை மூடிக்கொள்ளும் என்றேன். இரண்டு பேர் கைதட்டினார்கள். வாய் கீழிருந்து மேலே என்று சொல்லிக்கொண்டிருந்தபோது கை மேலிருந்து கீழே சுற்றிக்கொண்டிருந்தது.

அக்டோபரில் படம் நின்றது. ஞாயிறு காலை, துறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் போனேன். மின்சாரம் வந்தது. வேறு கேமரா மாட்டியும் படம் வரவில்லை. கடைசியில் கம்பத்தில் ஏறி நாடாவை நுனியில் பிரித்தேன். உள்ளே தேங்கியிருந்த தண்ணீர் என் சட்டைக் கைக்குள் ஓடி முழங்கை வரை வந்தது.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் இறங்கினேன். நாலு படி இறங்கியதும் ரைடாரின் சிரிப்பு ஞாபகம் வந்தது. திரும்ப ஏறி, இணைப்பின் இரண்டு பக்கமும் கத்தியால் வெட்டி, நடுத்துண்டைக் கடலில் போட்டேன். "யாரோ கேபிளை வெட்டியிருக்காங்க" என்று மட்டும்தான் குன்வோரிடம் சொன்னேன். ரைடார் பெயரை நான் எடுக்கவே இல்லை. அவசியமும் இருக்கவில்லை.

விசாரணைக் கூட்டத்தில் குன்வோர் எழுந்து நின்று, சங்கச் சொத்தைச் சேதப்படுத்தினால் நீக்கலாம் என்ற ஏழாம் விதியை வாசித்தார்.

"கிறிஸ்துமஸ் வரைக்கும் ஓடாதுன்னு சொன்னது நீங்கதானே ரைடார்?"

"சொன்னேன். மழையைத்தான் சொன்னேன்."

"மழைக்குக் கத்தி பிடிக்கத் தெரியாது." பிறகு என் பக்கம் திரும்பினார். "நிபுணர் என்ன சொல்றீங்க?"

"வெட்டு சுத்தமா இருக்கு," என்றேன். அதில் பொய் இல்லை.

பதின்மூன்று கைகள் எழுந்தன. பதினான்காவதாக என் கையும். ரைடார் நீக்கப்பட்டான். வசந்தம் வரை படகை அலைதடுப்புச் சுவருக்கு வெளியே, கடைசி மேடையில் கட்டிக்கொள்ளலாம் என்று சங்கம் பெருந்தன்மை காட்டியது. அவனுக்கு வீடு பெயருக்குத்தான். பகல் முழுக்க அந்தப் படகில்தான் இருப்பான். அது தெரிந்துதான் கை தூக்கினேன்.

இரண்டாவது இணைப்பைத் தனியாக, வாயைத் திறக்காமல் போட்டேன். பாராட்டும் விதமாக, கேமராத் திரையை என் வீட்டுச் சமையலறையில் வைத்தார்கள்.

ஜனவரியில் கடல் வழக்கத்தைவிட அதிகமாக வற்றிய ஒரு நாள் ரைடார் என் வாசலுக்கு வந்தான். உள்ளங்கையில் இந்தத் துண்டு.

"கம்பத்தடியில பாசிக்குள்ள கெடந்துச்சு," என்றான். "பச்சைய விடு, அது கடல் பண்ணின வேலையா இருக்கும். நாடாவப் பாரு. எந்தப் பக்கமிருந்து சுத்தியிருக்க?"

நான் கதவை இன்னும் கொஞ்சம் திறந்தேன்.

"கேபிளை அறுக்கறவன் ஒரு எடத்துல அறுப்பான். ரெண்டு எடத்துல அறுத்து நடுவுல உள்ளத ஒளிக்கறவன் யாருய்யா?"

"உள்ள வா, காபி போடறேன்."

"வேணாம். மார்ச் பொதுக்கூட்டத்துல நீயா எழுந்து சொல்லிடு ஒட்வார். நான் இதைத் தூக்கி மேசையில வச்சா நல்லா இருக்காது."

சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் கத்தவில்லை.

எட்டு நாள் கழித்துப் புயல். வியாழன் காலை பத்து நாற்பதுக்குத் திரையில் அவன் தெரிந்தான். படகுக்கு இன்னொரு கயிறு கட்ட வந்திருந்தான். உள்துறையில் அவனுடைய பழைய இடத்தில் அதற்குத் தேவை இருந்திருக்காது. மேடைக்கும் படகுக்கும் நடுவில் வழுக்கி விழுந்தான். மேடையில் தொங்கிய டயரைப் பிடித்துக்கொண்டான். பிறகு கேமராவைப் பார்த்து ஒரு கையைத் தூக்கினான். இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது யாரென்று அவனுக்குத் தெரியும்.

நேற்று நீங்கள் கனிவாகவே கேட்டீர்கள். பதிவுப் பெட்டி சங்க அறையோடு வெள்ளத்தில் போய்விட்டது. என் திரை இருபத்திரண்டு நிமிடம் ஓடியதற்கான குறிப்பு மட்டும்தான் மிச்சம். "புயல்ல இணைப்புக்குள்ள தண்ணி போயிருக்கும், படம் மங்கலா இருந்திருக்கும், இல்லையா?" என்றீர்கள். எனக்கு வழி விடுகிறீர்கள் என்று புரிந்தது. தலையாட்டினால் வீட்டுக்குப் போகலாம். இரவு முழுக்க ஆட்டிப் பார்த்தேன். ஆடவில்லை.

படம் தெளிவாக இருந்தது. தொப்பி போன தலையில் மழை விழுவதுகூடத் தெரிந்தது. எந்த நிமிடம் கை மாற்றிப் பிடித்தான், எந்த நிமிடம் விட்டான் என்று சொல்ல என்னால் முடியும். போன் என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. மார்ச் கூட்டத்தை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கை விட்ட பிறகுதான் அவசர எண்ணுக்கு அடித்தேன். கண்ணை மூடினால் அந்தக் கை வருகிறது, அதனால் மூடுவதில்லை.

அவனைச் சாகவிட்டவன் நான். எழுதிக்கொள்ளுங்கள், எத்தனை பக்கமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் என் இரண்டாவது இணைப்பில் ஈரம் இருந்ததாக உங்கள் அறிக்கையில் எங்கேயும் வரக்கூடாது.