எண்ணெய்க் கையும் கடைசிக் கட்டுரையும்

குற்றாலத்தில் அருவிக் குளியலுக்கு வரிசையில் நின்றேன். முன்னால், உடம்பெல்லாம் எண்ணெய் வழிய நின்றவர் பக்கத்தில் குடை பிடித்திருந்த அண்ணாச்சியிடம் சொன்னார்:

“நீங்க கொடுத்த புஸ்தகத்தை எழுதின பிரெஞ்சுக்காரர் செத்து நானூறு வருசமாச்சு அண்ணாச்சி. ஆனா என் வயித்து வலியைப் பத்தில்லா எழுதியிருக்காரு!”

அண்ணாச்சி குடைக்குள் அந்தப் புத்தகத்தைச் சாரல் படாமல் பிடித்திருந்தார். “இரவல் கொடுத்தது போதும்வே. தென்காசி பஸ்ஸுக்கு நேரமாச்சு, கொண்டுபோறேன்.”

“கடைசிக் கட்டுரை பாக்கி. கையெல்லாம் எண்ணெய். தமிழ்லதான இருக்கு, நீங்களே வாசிங்களேன்.”

“தன்னைப் பத்தியே எழுதுதவன்கிட்ட என்னவே இருக்கு?” என்று முனகிக்கொண்டே வாசித்தார். வரவர முனகல் நின்றது, இடையிடையே சிரித்தார்.

வரிசை நகர்ந்தது. பஸ் ஹாரன் கேட்டது.

“அண்ணாச்சி, பஸ்ஸு!”

“போகட்டும். நீரு குளிச்சிட்டு வாரும், முதல்லேருந்து வாசிக்குதேன். இந்த மனுசனுக்கும் என்னை மாதிரியே மறதியாம்வே!”