மல்லப்பனின் தாய்ச்செல்கள்

மல்லப்பனை எனக்குப் பிடிக்கும். விசாரணைக் குழுவில் இருக்கும் நீங்கள் முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மார்டள்ளி கிராமத்தில் மஞ்சள் விவசாயம் செய்தவர். மைசூருக்கு வரும்போதெல்லாம் ஆஸ்பத்திரிக் குழாயில் முகம் கழுவி, தலை சீவிக்கொண்டுதான் என் அறைக்குள் வருவார். மற்ற நோயாளிகள் அப்படியில்லை. மூத்திரமும் டெட்டாலும் கலந்த எங்கள் வார்டு வாடை எனக்கு இன்றைக்கும் குமட்டும்.

சிறுநீரில் ரத்தம் போகிறது என்று தொண்ணூற்று மூன்றில் வந்தார். குழாய் விட்டுப் பார்த்தேன். சிறுநீர்ப்பையின் உட்சுவரில், காலிஃப்ளவர் பூப்போல ஒரு சின்னக் கட்டி. ஆழமாக இறங்கவில்லை. அடியோடு சுரண்டி எடுத்துவிட்டால் ஆள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்.

அப்போது என் ஆய்வு சூடுபிடித்திருந்தது. கட்டியில் எல்லாச் செல்களும் ஒன்றல்ல, ஒரு சில மட்டுமே தாய், மற்றதெல்லாம் அவை பெற்றுப் போட்டவை என்று நம்பினேன். மாநாட்டில் சொன்னபோது பின்வரிசையில் சிரித்தார்கள். நிரூபிக்க வேண்டுமானால் ஒரே ஆளின் கட்டி திரும்பத் திரும்பக் கிடைக்க வேண்டும், உயிரோடு.

ஆகவே அடிப்பகுதியைக் கொஞ்சம் விட்டுவைத்தேன்.

உதவிக்கு நின்ற டாக்டர் மானஸா, "சார், அடில இன்னும் இருக்கே," என்றாள். அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றேன். என்னிடம் படிக்கும் பெண், எடுத்ததைக் குப்பியில் போட்டு மூடினாள்.

கட்டி வளர்ந்தது. எடுத்தேன், விட்டுவைத்தேன், மறுபடி வளர்ந்தது. ஒருமுறை மல்லப்பனின் மனைவி சித்தம்மா கேட்டாள்: "ஏனுங்க சாமி, போன தடவ முழுசா எடுத்துட்டீங்களா?"

"எடுத்தாச்சும்மா. திரும்பி வர்றதுதான் இந்த நோயோட சுபாவம்."

பாடப்புத்தகத்திலேயே உள்ள வாக்கியம்தான் அது. அவள் என் காலில் விழுந்தாள். மூத்திரப் பையைப் பிடித்திருந்த கை என் செருப்பில் பட்டது. அன்று கால்களை இரண்டு முறை கழுவினேன்.

கட்டி தசைக்குள் இறங்கிய பிறகு சிறுநீர்ப்பையையே அகற்றியிருக்கலாம். அகற்றினால் எனக்கு மேற்கொண்டு எதுவும் கிடைக்காது. தள்ளிப்போட்டேன். இடுப்பெலும்புக்குப் போய்விட்டது. கடைசியாகப் பார்த்தபோது மல்லப்பன், "உங்க புண்ணியத்துலதானுங்க இத்தன நாள் ஓடுச்சு," என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மறுவாரம் இறந்தார்.

ஆய்வுக் கட்டுரையை வெளியிடுவதற்கு முன், அவர் கட்டியிலிருந்து எடுத்துக் குப்பிகளில் வளர்த்த செல்களைப் பெங்களூருக்குச் சோதனைக்கு அனுப்பினோம். அவை மல்லப்பனுடையவை அல்ல என்று பதில் வந்தது. எங்கள் ஆய்வகத்தில் பக்கத்து அடுக்கில் புராஸ்டேட் புற்றுநோய்ச் செல்கள் இருந்தன, வெளிநாட்டிலிருந்து வந்தவை, வெறிபிடித்ததுபோல் பெருகுபவை. யாரோ செல்களை உறிஞ்சி எடுக்கும் பிப்பெட்டை, ஒரே பிப்பெட்டை, இரண்டு குப்பிகளிலும் விட்டிருக்கிறார்கள். மல்லப்பனின் செல்கள் முதல் வருடமே செத்துவிட்டன. அதற்குப் பிறகு அவர் கொடுத்ததையும் அந்த அந்நியச் செல்கள் தின்று தீர்த்திருந்தன.

அதைக் கேட்ட அன்றுதான் மானஸா உங்களுக்குப் புகார் எழுதினாள். கை கழுவும் இடத்தில் நான் பக்கத்தில் போனபோது, மலத்தை மிதித்துவிட்டவள்போல் முகம் சுளித்து விலகினாள். எனக்குக் கோபமில்லை. அதே அருவருப்புதான் எனக்கும். ஒரு மனிதர் தன் உடம்பையே கொடுத்திருக்கிறார். அதை இப்படியா அசுத்தப்படுத்துவார்கள்?

மல்லப்பன் சாவுக்கு யார் பொறுப்பு என்று கேட்டீர்கள். அந்தப் பிப்பெட்டைப் பிடித்த கை யாருடையது என்று விசாரியுங்கள்.