ஒரே ஆள் கடிதம்

தேத்தண்ணியில் சீனி கம்மியாக இருக்கும், ஐயா, பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பெண்பிள்ளை இல்லை. எந்த டப்பாவில் எது இருக்கிறது என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. யூனியன் ஆபீசிலிருந்து இவ்வளவு மேடு ஏறி நீங்கள் தேத்தண்ணி குடிக்க வரவில்லை என்பதும் தெரியும். நீங்கள் பாயில் பரப்பி வைத்திருக்கும் ஆறு பெட்டிசனும் நான் எழுதியவைதான். கையொப்பம் போடாவிட்டால் என்ன, தலவாக்கலைப் பக்கம் ‘ழ’வை இப்படிச் சுழித்து எழுதுகிறவன் ஆண்டியப்பன் ஒருவன்தான்.

ஏன் என்று கேட்டீர்கள். சூதை விடுவதற்காக.

சிரிக்காதீர்கள், ஐயா. நான் படுமோசமான சூதாடியாக இருந்தவன். மங்காத்தா ஆட்டம் பார்த்திருப்பீர்கள். ஒரு சீட்டைச் சொல்லிவிட்டு, கட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே என்று போட்டுக்கொண்டே போவார்கள். சொன்ன சீட்டு எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் கட்டியவன் ஜெயித்தான். புத்தியே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பகல் முழுவதும் தண்ணீர்ப் பீலிக்கு மேலே உள்ள பாறையில் நடக்கும். சீட்டைப் புரட்டும் முன்னால் அடிவயிற்றில் ஒரு குளிர் இறங்கும் பாருங்கள், அதற்காகத்தான் போனேன். ஜெயிப்பதும் தோற்பதும் அப்புறம் வருகிற சங்கதி.

ஐம்பத்து மூன்றாம் வருடம் தை மாதப் பனியில், தோட்டத்தில் கொடுத்த இரண்டு கம்பளியையும் பாறையில் வைத்துத் தோற்றேன். ஜெயித்தவன் சோலைமலை. அடுத்த காம்பராக்காரன், நடுவில் ஒரே சுவர்தான்; என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பலகையில் உட்கார்ந்தவன். அந்த வாரமே எட்டு மாதமான என் பெண் குழந்தை நெஞ்சில் சளி கட்டிச் செத்துப்போனது. செய்தி கேட்ட சோலைமலை கம்பளிகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து வாசலில் நின்று அழுதான்.

“ஐயோ மாப்புள, வீட்ல வேற கம்பளி இல்லைனு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் தொட்டிருப்பேனா?”

அவன் சொன்னது நியாயம். தொட்டிருக்க மாட்டான். அந்த நியாயத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

என் மனைவி காளியாயி ஒரு வசவுகூட வைக்கவில்லை. மூன்றாம் நாள் என் கையைப் பிடித்துத் தன் உச்சந்தலையில் வைத்துக்கொண்டாள்.

“எந் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க. நீங்க இனி சீட்டத் தொட்டா, புள்ள போன எடத்துக்கே நானும் போயிருவேன். சோறுகூட வேணாங்க, சீட்டத் தொடாம இருந்தாப் போதும்.”

சத்தியம் செய்தேன். முழு மனதோடுதான் செய்தேன்.

ஆனால் சத்தியம் செய்தது நான், சோலைமலை செய்யவில்லையே. அடுத்த ஞாயிறு சுவருக்கு அப்பாலிருந்து குரல் கொடுத்தான். “வாறியா மாப்புள? ஆட வேணாம், சும்மா வந்து ஒக்காரு. மனசு லேசாகும்.” எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் கூப்பிட்டான், பாவம். எனக்கோ கை அரித்தது. நாலு ஞாயிறு தாங்கினேன். ஐந்தாம் ஞாயிறு என்னை அறியாமல் பீலிவரை நடந்து போய்விட்டுத் திரும்பினேன். அந்தக் குரல் பக்கத்துக் காம்பராவில் இருக்கும்வரை நான் தேறமாட்டேன் என்பது புரிந்துவிட்டது.

இங்கே என் எழுத்து வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரஜாவுரிமை விண்ணப்பம் வந்த காலத்திலிருந்து இந்தத் தோட்டத்துச் சனங்களுக்கு நான்தான் எழுதிக் கொடுக்கிறேன். நம் ஆட்களுக்கு இரண்டிரண்டு பெயர் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆத்தா வைத்த பெயர் ஒன்று, மேற்பார்வைக் கண்டாக்கையா ஆள்கணக்குச் செக்ரோலில் எழுதிய பெயர் ஒன்று. சோலைமலை பிறப்புச் சான்றிதழில் சோலைமலை, செக்ரோலில் சின்னையா. அதனால் இரண்டும் ஒரே ஆள்தான் என்று துரையிடம் ஒரு கடிதம் வாங்கி விண்ணப்பத்தோடு சேர்த்து வைக்க வேண்டும். ஒரே ஆள் கடிதம் என்போம். தகரப் பெட்டியில் வைத்தால் துரு ஏறும், எலி கடிக்கும் என்று எல்லோரும் அதை என்னிடமே கொடுத்து வைத்தார்கள்.

சோலைமலையின் கடிதத்தை அடுப்பில் போட்டேன். பிறகு கொழும்புக்கு ஒரு பெட்டிசன் எழுதினேன். நாலே வரி. இந்தத் தோட்டத்தில் சின்னையா என்று பெயர் கொடுத்து வேலை செய்கிறவன் சின்னையா இல்லை, அவன் பெயர் சோலைமலை, கள்ளத்தோணியில் வந்து இறங்கியவன். விசாரித்துப் பாருங்கள், ஐயா, அதில் பாதிக்கு மேல் உண்மை.

பதினாறாம் நாள், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்துக்கு ஜீப் வந்தது. “லியும கோ?” என்று பொலிஸ்காரர் சிங்களத்தில் கடிதத்தைக் கேட்டார். சோலைமலை தெம்பாக என் பக்கம் கையைக் காட்டினான். “அந்தா நிக்கிறாரு ஆண்டியப்பன், அவர்ட்ட இருக்கு. எடுத்துக் குடு மாப்புள.” அப்படி ஒரு கடிதம் என் கையில் வரவில்லை என்றேன். அவன் கோபப்படவில்லை. மறந்திருப்பேன் என்று நினைத்து, ஜீப்பில் ஏறிய பிறகும் எந்தப் பெட்டியில், எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொண்டே போனான். அவன் மனைவி பூரணி, புருசனை விடச் சொல்லி ஒரு மனு எழுதித் தரும்படி என் காலில் விழுந்தாள். நல்ல மனுவாக எழுதி, வாசித்தும் காட்டினேன். தபாலில் சேர்க்கவில்லை. அடுத்த மாதம் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அவளும் இந்தியாவுக்கு மன்னார்க் கப்பல் ஏறிவிட்டாள்.

அந்த ஞாயிறு வீடு அமைதியாக இருந்தது. கை அரிக்கவில்லை.

அடுத்து மாயாண்டி. திருவிழாவில் சீட்டுக்கட்டை நீட்டி, “ஒரே ஒரு ஆட்டம்ணே” என்று இளித்தான். நீட்டியிருக்கக் கூடாது. மூன்றாமவனும் அப்படித்தான். நாலாமவன் கூப்பிடவில்லை; கூப்பிடுவான் என்று அவன் முகத்தில் தெரிந்தது. ஐந்தாமவன் சீட்டே அறியாதவன் என்று குறித்து வைத்திருக்கிறீர்கள். சரிதான். ஆனால் அந்த வருடம் எனக்கு மனது மிகவும் தடுமாறியது, ஐயா. ஏதாவது செய்யாவிட்டால் பாறைக்குப் போயிருப்பேன்.

இதற்கிடையில் தோட்டத்தில் எனக்கு நல்ல பெயர். பெண்கள் குடிகார, சூதாட்டப் புருசன்மார்களைக் கூட்டிவந்து என் முன்னால் உட்கார வைப்பார்கள். “இந்தா, இவரப் பாத்தாச்சும் திருந்து” என்பார்கள். கெட்ட சகவாசத்தை அறுத்துவிடு, தன்னால் சரியாகும் என்று புத்தி சொல்லி அனுப்புவேன். காளியாயிக்கு அதைக் கேட்கக் கேட்கப் பெருமை தாங்காது. கொழுந்து மலையில் போய் எல்லோரிடமும் சொல்லுவாள்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. பெட்டிசனைத் தபாலில் போட்ட நாளிலிருந்து ஜீப் வருகிற நாள்வரை எனக்கு நன்றாகப் பசிக்கும். தேயிலைக்கு நடுவே ரோட்டு வளைவில் இரைச்சல் கேட்டால் கவ்வாத்துக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு நிற்பேன். வருமா, வராதா? கூட்டிப் போவானா, விட்டுவிடுவானா? அடிவயிறு குளிரும். அதைச் சூது என்று சொல்ல முடியாது. சூதென்றால் ஆடுகிறவன் எதையாவது கட்ட வேண்டும். நான் எதையும் கட்டவில்லையே.

அதனாலேயோ என்னவோ, ஐந்தாம் ஆளின்போது அந்தக் குளிர் சரியாக வரவில்லை. ஜீப் வந்தது, ஏற்றினார்கள், போனார்கள். எனக்கு ஒன்றுமே இல்லை. இரண்டு ஞாயிறு பாறைப் பக்கமே கண் போனது. ஒன்பது வருடத்துச் சத்தியம் உடைந்துவிடும்போல இருந்தது. அவள் தலையில் அடித்துச் செய்த சத்தியம், ஐயா. அவளுக்கு ஏதும் ஆகிவிட்டால் நான் என்ன செய்வேன்?

ஆறாவது பெட்டிசனை அதனால்தான் எழுதினேன். வாசிக்கச் சங்கடப்படுகிறீர்கள், நானே சொல்கிறேன். செக்ரோலில் செல்லம்மா என்று இருப்பவள் செல்லம்மா இல்லை, அவள் பெயர் காளியாயி. அவள் வேலை செய்த கூட்டத்தில் ஏற்கெனவே இரண்டு காளியாயி இருந்ததால் கண்டாக்கையா மாற்றி எழுதிக்கொண்டார். எங்கள் கலியாணம் மாரியம்மன் கோயிலில் நடந்தது, பதியவில்லை; என் பெண்சாதி என்று காட்டவும் தாள் கிடையாது. தபாலில் போட்டுவிட்டுத் திரும்பி நடந்தேன். அந்தப் பழைய குளிர் அப்படியே வந்தது.

போன மாதம் கூட்டிப்போனார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டித் தேடினேன். கடிதத்தைக் காணோம் என்றேன்.

எரித்துவிட்டேனா என்று கேட்கிறீர்கள். சே, சே. இவளுடையதை எரிக்க மனது வருமா? இதோ, என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை கப்பல், இன்று செவ்வாய், இப்போதே கொடுத்தால் தந்தி அடித்து நிறுத்திவிடலாம் என்கிறீர்கள். எனக்கும் தெரியும். ஆனால் உங்கள் ஆட்கள் கொழும்பில் மனுப் போட்டிருக்கிறார்கள் அல்லவா? கடிதம் இல்லாமலே அவளை விட்டாலும் விடலாம். விடாமலும் போகலாம். இப்போது இதைக் கொடுத்துவிட்டால் அது கடைசிவரை தெரியாமலே போய்விடும். கையை எடுங்கள், ஐயா, தாள் கிழிந்துவிடும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானே கொண்டுவந்து தருகிறேன்.

ஜீப்பில் ஏற்றும்போது அவள் அழவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள்தான் அழுதார்கள். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு என்னைக் கிட்டே கூப்பிட்டாள். “எனக்கு ஒன்னும் ஆவாது, கவலப்படாதீங்க. நான் இல்லையேனு சீட்டுப் பக்கம் மட்டும் போயிராதீங்க” என்றாள்.

போகவில்லை, ஐயா. இந்த நிமிடம்வரை போகவில்லை.