மேசையில் கிடவாத இதழ்களையும் எண்ணிய கலையரசி அம்மையாருக்கு

நவம்பர்த் திங்கள் முப்பதாம் நாள், பிற்பகல் மூன்று மணி. நம் பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளக் கூடம். முன்வரிசை நடுவே துணைவேந்தர் அவர்கள். அவருக்கு வலப்பக்கம் வேதியியல் துறைத்தலைவர் பேராசிரியர் தேவேந்திரன். இடப்பக்கம் தங்கள் கணவரும் மகளும். இரண்டாம் வரிசையில் பருவ இதழ்ப் பிரிவின் உதவி நூலகர் ஜெபகுமாரும், அதே பிரிவின் உதவியாளர் ராஜவேலுவும். சன்னலோரம், ஊன்றுகோல்களைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஆய்வு மாணவர் சத்யராஜ். பின்னே நாங்கள் அனைவரும். இத்தனை பேர் முன்னிலையில் இம்மடலை வாசித்தளிக்கிறோம்.

அடுக்கடுக்காய் நூல் அமைந்த அகத்தின் அரசியே, அளந்து பேசி ஆழ்ந்து உழைக்கும் அன்னையே, இந்நூலகத்தின் துணை நூலகராய் இன்று ஓய்வுபெறும் கலையரசி அம்மையீர், வணக்கம்.

முப்பத்தோராண்டுகளுக்கு முன், வாலாஜாபாத்திலிருந்து காலை எட்டுப் பத்து மணிப் பேருந்தில் வந்திறங்கி, புது நூல்களுக்கு எண் எழுதும் மேசையில் அமர்ந்தீர்கள். எழுதிய எண்களில் ஒன்றுகூட இன்றுவரை அடித்துத் திருத்தப்படவில்லை என்பதை நாங்கள் சரிபார்த்தே சொல்கிறோம். எண் மேசையிலிருந்து இரவல் மேசைக்கும், அங்கிருந்து மாடியிலுள்ள பருவ இதழ்ப் பிரிவுக்கும், படிப்படியாய் உயர்ந்தீர்கள். விடுப்பெடுத்த நாள்கள் குறைவு; வெகுண்ட நாள்கள் அதனினும் குறைவு. தேநீர் நேரத்தில் தாங்கள் கொண்டுவரும் வேர்க்கடலைக்கு இனி யாரைக் கேட்பது என்பதே எங்களில் சிலருடைய தலையாய கவலை.

ஆயினும் அம்மையீர், முப்பத்தோராண்டுப் பெருமைகளை ஒருபுறம் வைத்துவிட்டு, இறுதி மூன்று வாரங்களையே இங்கு விரித்துரைக்க விரும்புகிறோம். தங்கள் அனுமதி பெற்றே எழுதுகிறோம். பேராசிரியர் தேவேந்திரன் அவர்களின் அனுமதியும் பெற்றோம். "எழுதுங்கப்பா, ஆனா என்னை ரொம்ப நல்லவனா காட்டிடாதீங்க" என்பது அவர் விதித்த நிபந்தனை.

அச்சில் வரும் ஆய்விதழ்கள் நூற்றுப்பன்னிரண்டில் முப்பத்தெட்டை வரும் ஆண்டுமுதல் நிறுத்த வேண்டும் என்று ஆணை வந்தது. எதை நிறுத்துவது? ஒவ்வொரு துறையும் தன் இதழே உயிர்நாடி என்றது. தாங்களோ கலங்கவில்லை, கையிலே கணக்கு இருந்தது. படித்தவர்கள் இதழை மேசையிலேயே விட்டுச் செல்ல வேண்டும். மாலையில் மேசையில் கிடக்கும் ஒவ்வோர் இதழுக்கும் ராஜவேலு தம் நோட்டில் ஒரு கோடு போட வேண்டும். துறைகள் எடுத்துச் செல்வதைப் பதிவேட்டைப் பார்த்துச் சேர்க்க வேண்டும். மூன்றாண்டுகளுக்கு முன் தாங்களே வகுத்த விதி இது. கோடு குறைந்தவற்றைப் பட்டியலிட்டீர்கள், துறைத்தலைவர்கள் அடங்கிய நூலகக் குழு ஏற்றது, அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம், இதழ்களை வரவழைத்துத் தரும் முகவருக்கான கடிதத்திலும் கையொப்பமிட்டு, அனுப்பும் தட்டில் வைத்தீர்கள்.

நவம்பர் எட்டாம் நாள் பகலில் ராஜவேலு தங்கள் அறைக்கு வந்தார்.

"அம்மா, சத்யராஜ் தம்பி படிக்கிற தண்ணி புக்கும் லிஸ்ட்ல இருக்குதே."

நிலத்தடி நீரைப் பற்றிய காலாண்டிதழைத்தான் அவர் சொன்னார். பாலாற்றங்கரைக் கிணறுகளை ஆய்ந்துவரும் சத்யராஜுக்கு அது இல்லையேல் ஆய்வேடு நகராது.

"அத யாருமே தொடறதில்லப்பா. உன் நோட்டுலயே மூணு வருஷமா ஒரு கோடு இல்ல."

"மேசைல கெடந்தா தானே மா கோடு போடச் சொன்னீங்க? அந்தத் தம்பியால மாடி ஏற முடியாது. நான் தான் கீழ எடுத்துக்கினு போய் குடுக்கிறேன். படிச்சதும் நானே எடுத்துக்கினு வந்து வெச்சிடுறேன். அது எங்க மேசைல கெடக்குது?"

தாங்கள் எழுந்து சென்று, அனுப்பும் தட்டிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தீர்கள்.

ஜெபகுமார் தடுத்தது உண்மை. "மூணு வாரம் தான் மேடம் இருக்குது. குழு ஒத்துக்கினதைத் திருப்பினா, முப்பது வருஷப் பேரு போயிடும். விட்டுடுங்க." பழியைத் தாம் ஏற்பதாக ராஜவேலுவும் முன்வந்தார். "சொன்னதைச் செஞ்சவன் மேல என்னய்யா தப்பு?" என்று அவரை அமர்த்தினீர்கள். ஜெபகுமாரிடம், "பேரை வெச்சிக்கினு நான் வீட்டுக்குப் போயிடுவேன். அந்தப் புள்ள ஜனவரில எதைப் படிக்கும்?" என்றீர்கள். அவர் போய் ஒரு புது நோட்டை எடுத்து வந்தார்.

ஒன்பது வேலை நாள்கள். நூற்றுப்பன்னிரண்டு இதழ்களையும் முதலிலிருந்து பார்த்தீர்கள். கீழ்த்தளத்தில் அமர்ந்து படிப்போரைக் கேட்டீர்கள். துறை துறையாய் நடந்தீர்கள். எங்கள் கால்களையும் தேயவைத்தீர்கள். படிக்கப்பட்டும் எண்ணப்படாதவை நான்கு என்று தெரிந்தது. எண்ணப்பட்டும் படிக்கப்படாதவையும் நான்கு. பதிவேட்டின்படி துறை அறைக்குப் போய், அங்கே சணல் கயிறுகூட அவிழாமல் உறங்கிக்கொண்டிருந்தவை அவை. முன்னவற்றைப் பட்டியலிலிருந்து நீக்கி, பின்னவற்றைச் சேர்த்தீர்கள்; சேர்ந்தவற்றுள் இரண்டு வேதியியல் துறைக்கு உரியவை.

இருபத்தைந்தாம் நாள் குழு மீண்டும் கூடியது. தாங்கள் எழுந்து நின்று, "எண்ணும் விதியை எழுதியது நான். அது மாடியோடு நின்றுவிட்டது. தவறு என்னுடையது. என் பெயரிலேயே குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள்" என்றீர்கள். முப்பத்தோராண்டுகளாய் ஓர் எண்ணைக்கூடத் திருத்தாத கை, தன் பட்டியலைத் தானே திருத்தக் கேட்டது. அவ்வளவு நிமிர்ந்து நின்று தவற்றை ஒப்புக்கொண்டவரை நாங்கள் அதற்குமுன் கண்டதில்லை.

பேராசிரியர் தேவேந்திரன் நெசவுக் குடும்பத்தவர். பேச்சும் அப்படியே வந்தது. "பாவு ஏத்தின அப்புறம் நெறத்த மாத்துறேன்னா எப்படிம்மா?"

"அறுந்த இழையைப் பார்த்துட்டும் மேல நெய்வாங்களா சார்?"

"அதுக்கு என் துறையில தான் கை வைக்கணுமா?"

தாங்கள் அவர் துறையினரிடம் ஒப்பம் பெற்று எடுத்துவந்த இதழ்க்கட்டு ஒன்றை அவர் முன் வைத்தீர்கள். "போன வருஷம் மார்ச்சுல ராஜவேலு போட்ட முடிச்சு சார். அப்படியே இருக்குது."

அவர் முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கத்திலிருந்தவர்கள் சிரிப்பை அடக்கினார்கள். கடைசியில் அவரே சிரித்துவிட்டு, "நல்லா தான் கட்டி இருக்கான்பா" என்று திருத்திய பட்டியலில் முதல் கையொப்பத்தைப் போட்டார்.

அம்மையீர், பிழையே செய்யாதவரைப் பாராட்ட எங்களுக்குச் சொற்கள் பல கிடைத்திருக்கும். பிழை தெரிந்த நாளில் பேரைப் பாராமல் படிப்பவரைப் பார்த்த தங்களுக்கு அச்சொற்கள் போதவில்லை. இனி எந்தப் பட்டியல் போட்டாலும், மாடியில் எண்ணியபின் கீழேயும் இறங்கி எண்ணுவோம். இது நாங்கள் தங்களுக்குத் தரும் வாக்கு. ஜெபகுமார் அதை விதியாகவே எழுதி ஒட்டிவிட்டார்.

முழங்கால் வலி குறைந்து, கண்ணொளி குன்றாமல், பேருந்தைப் பிடிக்கும் பரபரப்பின்றிப் பொழுது புலர, பேரப்பிள்ளைகளின் இரைச்சலுக்கு நடுவிலும் விருப்பம்போல் படிக்கும் நேரம் வாய்த்து, தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நூறாண்டு நிறைவாய் வாழ உளமார வேண்டுகிறோம்.

திருத்திய பட்டியலுக்குத் துணைவேந்தர் இசைவு இன்று காலை பதினொரு மணிக்குக் கிடைத்தது. தங்கள் பணிக்காலத்தின் இறுதிக் கையொப்பத்தை முகவருக்கான புதிய கடிதத்தில் இட்டீர்கள். நிறுத்தப்படுவன முப்பத்தெட்டு, நீரிதழ் அவற்றில் இல்லை என்று சத்யராஜே ஒருமுறை வாசித்துப் பார்த்தார். இரண்டே காலுக்கு ராஜவேலு உறையின் வாயைப் பசை தடவி ஒட்டி, மூட்டின்மேல் நூலக முத்திரையைக் குத்தி, சைக்கிளில் தலைமை அஞ்சலகத்துக்குக் கொண்டுபோய் விரைவஞ்சலில் சேர்த்தார்.

இங்ஙனம்,
தங்களோடு எண்ணிய, தங்களிடம் எண்ணக் கற்ற
நூலகப் பணியாளர்கள்,
காஞ்சிபுரம்.