ஓசி வளையம்

— கையைக் குடுங்கய்யா, நான் என்ன கடிக்கவா போறேன்?

— இன்னா பாப்பா இது? ஆம்பளைக்கு வளையலு போடுற?

— வளையல் இல்லீங்கய்யா, லைட்டு பேண்டு. பாட்டு ஆரம்பிச்சதும் எல்லார் கையிலயும் எரியும். கம்பெனி சும்மா குடுக்குது.

— அதான் எனக்கு இடிக்குது. போன மாசம் இதே கம்பெனிக்காரன் நாம படகு ஏத்துற மணல வுட்டுக் குடுன்னு வந்து நின்னான். தொரத்தி வுட்டோம். இன்னிக்கி அதே மணல்ல கச்சேரி வைக்கிறான், பிரியாணி போடுறான், கையில வெளக்கு கட்டுறான். இன்னாத்துக்கு?

— யோவ், அந்தப் பொண்ணாண்ட ஏன்யா மல்லு கட்டுற? தோ, என் கையில எப்டி அம்சமா கீது பாரு. நம்ம பேரன் லோகு ரெண்டு கையிலயும் கட்டிக்கினான்.

— நீ சும்மா கெட, ஆதி. பளபளன்னு எத்தக் குடுத்தாலும் கட்டிக்குவ. பாப்பா, இத்தத் திருப்பு. இன்னா எழுதிக்கீது?

— 'நீலமுத்து ரிசார்ட்டு'ன்னு கம்பெனி பேருதான். விளம்பரம்ங்கய்யா.

— உள்ள கேமரா கிமரா கீதா?

— ஐயோ, ஒரு பட்டன் பேட்டரி, குட்டி லைட்டு, அவ்ளோதான்.

— அப்போ சுச்சு எங்க?

— இதுல சுவிட்ச் கிடையாதுங்க. மேடைக்குப் பின்னால கம்ப்யூட்டர்ல ஒரு அண்ணா இருக்காரு. அவர் அமுக்குறப்போ சிவப்பு, நீலம், பச்சைன்னு மாறும்.

— கேட்டியா ஆதி? வெளக்கு என் கையில, சுச்சு அவன் கையில! எனக்கு வேணாம், எடுத்துக்கினு போ.

— அப்படிச் சொல்லாதீங்கய்யா. மேலேருந்து ட்ரோன்ல படம் எடுக்குறாங்க. யாரு கை இருட்டா இருந்தாலும் பரவாயில்ல, ஊர்த் தலைவர், நாட்டார் கைக்குக் கண்டிப்பா கட்டணும்னு சூப்பர்வைசர் சொல்லியிருக்காரு. கட்டலன்னா என்னை அடுத்த ஷோவுக்குக் கூப்பிட மாட்டாங்க.

— என் கைக்குன்னு தனியா சொன்னானா?

— புள்ள மூஞ்சி சுருங்கிப் போச்சு பாருய்யா. உன் பேரு இன்னாம்மா?

— ஷாரோன். மதுராந்தகத்துலேருந்து பஸ் புடிச்சு வர்றேன்.

— அம்மாந்தூரத்துலேருந்தா? நம்ம பேத்தி ரஞ்சிதா வயசுதான் இருக்கும். கட்டிக்கய்யா, கொறஞ்சா போவ?

— செரி, கட்டு. உனக்காகத்தான் பாப்பா, அவனுக்காக இல்ல. ஏம்மா, இந்த இறுக்கு இறுக்குற!

— லாக் அப்படித்தான்ய்யா. கழட்டணும்னா கத்திரியால வெட்டணும்.

— இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?

— சும்மா இருய்யா! மைக்குல எவனோ பேசுறான், கேளு.

— வணக்கம் மக்களே! பாட்டுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி. இந்த மணல்ல நம்ம நீலமுத்து அழகா ஒரு சுற்றுலாப் படகுத்துறை கட்டப் போகுது. சம்மதம்னு சொல்ற கையெல்லாம் பச்சையா எரியட்டும்!

— யோவ்! என் கை பச்சையாயிடிச்சிய்யா! நான் ஒண்ணுமே பண்ணல!

— ஊரு மொத்தமும் பச்சையாக் கீது. ஏ பாப்பா, இன்னா வேலை இது?

— சத்தியமா எனக்குத் தெரியாதுய்யா! பாட்டுக்குன்னுதான் சொன்னாங்க. இருங்க, கத்திரி எடுத்துட்டு ஓடி வர்றேன்...

— அதுக்குள்ள மணலு போயிடும்! அப்பறம் படக என் தலையிலயா ஏத்துவ? எந்திரிய்யா. நம்ம ஊர்க் கூட்டத்துல சரின்றவன் சும்மா குந்திக்கினு இருப்பான், வேணான்றவன்தான் எந்திரிச்சுக் கையத் தூக்குவான். நாட்டாரு நீ தூக்குனாதான் மத்தவனும் தூக்குவான். தூக்கு!

— ஏய் மைக்கு! இங்க பாருடா! தோ, எந்திரிச்சி நிக்கிறேன். வேணாம்! ஊரே, எல்லாரும் எந்திரிங்க, தூக்குங்க கைய!

— அய்யா, கையைக் கீழ போடுங்க! ட்ரோன் உங்க பக்கம் திரும்புது, போடுங்கய்யா!

— அடடா, அங்க பாருங்க மக்களே! ஊர் நாட்டாரே எழுந்து நின்னு பச்சைக் கையைத் தூக்கிட்டாரு, அவரைப் பார்த்து மொத்தக் குப்பமும் எழுந்து நிக்குது!