குளிர்பெட்டியில் இருந்தவன்

விளக்கைப் போட வேண்டாம், இப்படியே இருக்கட்டும். பேய்க்கு ராத்திரிதான் வேண்டும் என்று யார் சொன்னது? இது நடந்தது பட்டப்பகலில். மத்தியானம் மூன்று மணி... கடலோரச் சாலை... ஒரு நாய்கூட இல்லை. என் சிநேகிதனின் அண்ணன், சாலைக் கோடியில் இருந்த லேபுக்கு அரக்கப்பரக்கப் போய்க்கொண்டிருந்தார். உதவியாளர் போனில் கூப்பிட்டிருந்தாள். "சார், ஒரு குழாயோட கணக்கு மட்டும் உதைக்குது. வந்து பாருங்க."

சர்க்கரை, உப்பு பார்க்கிற லேப் இல்லை அது. புது மாத்திரையை ஆட்களுக்குக் கொடுத்து, ரத்தம் எடுத்து, அதில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று அளக்கிற இடம். மிச்ச ரத்தம் சின்னச் சின்னக் குழாய்களில் உறைந்து, குளிர்பெட்டியில் கல்லாகக் கிடக்கும். அண்ணன்தான் மேனேஜர்.

வீட்டில் சும்மா கிடக்கிறானே என்று அண்ணியின் தம்பியையும் அவரே அந்தச் சோதனையில் சேர்த்துவிட்டிருந்தார். ரத்தம் கொடுத்த மறுநாள் அவன் கடலில் குளிக்கப் போனான். செருப்பு மட்டும் கரையில் இருந்தது. தேடாத இடமில்லை. உடம்புகூடக் கிடைக்கவில்லை. "வருவான்" என்பதைத் தவிர அண்ணி வேறு பேசுவதில்லை.

குழாயில் பெயர் இருக்காது, எண்தான். ஆனால் உதைத்தது யாருடைய எண் என்று அண்ணனுக்குத் தெரியும். அளந்ததை மறுபடி அளந்து சரிபார்ப்பது அங்கே வழக்கம். மற்ற குழாய்களெல்லாம் பழைய அளவையே காட்டின. இவனுடையதில் மட்டும் மருந்து பாதியாகியிருந்தது. மெஷின் கோளாறு என்று நினைத்தார். மறுநாளும் போட்டுப் பார்த்தார். டக்... ஸ்ஸ்ஸ்... டக். அந்தப் பாதியிலும் பாதி.

உறைந்த ரத்தத்தில் மருந்து அப்படிக் குறையாது. ஓடுகிற ரத்தத்தில்தான் குறையும். அதாவது... ஆள் உயிரோடு இருந்தால்.

வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. மனசு கேட்காமல் சொல்லிவிட்டார். அண்ணி அழவில்லை. "நான் அப்பவே சொன்னேன்ல. அதை மட்டும் பத்திரமா வச்சிருங்க. அவனை நான் தேடிக்கிறேன்."

விஷயம் தலைமை அலுவலகத்துக்குப் போனது. ஒரு குழாயால் மொத்தச் சோதனைக்கும் கெட்ட பெயர் வந்துவிடும், எல்லாவற்றையும் எரித்துவிடுங்கள் என்றார்கள். ஒரு வாரம் பொறுங்கள் என்று அண்ணன் கெஞ்சினார். "என்ன காரணம் சார்?" என்று கேட்டார்கள். என்ன சொல்வார்? மச்சான் பெட்டிக்குள் மூச்சு விடுகிறான் என்றா?

எரிப்பதைப் பார்க்க ஓர் அதிகாரி வந்தார். குழாய்களை எண்ணினார். ஒன்று குறைந்தது. அண்ணன் முகமே காட்டிக்கொடுத்துவிட்டது. அவருடைய சட்டைப் பையிலிருந்து அதிகாரியே அதை எடுத்தார்.

"என்ன சார் இது, நீங்க போய்..." என்றவர் பாதியில் நிறுத்தினார். பைக்குள் போய் ஒரு நிமிஷம்கூட ஆகாத குழாய். விரலை ஒட்டிப் பிடிக்கிற குளிர் இருக்க வேண்டும். அது வெதுவெதுப்பாக இருந்தது... தூங்குகிற பிள்ளையின் கை மாதிரி.

"அதை மட்டும் விட்டுடுங்க சார். உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

சாயங்காலம் நாலரை மணி. பின்கட்டில் உலையின் கதவு கிரீச்சென்று திறந்தது. பிளாஸ்டிக் கருகும் நாற்றம். அதற்கு நடுவில் வேறொரு நாற்றம்... முடி பொசுங்குவது போல. அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

மறுநாள் காலை உடம்பு கரை ஒதுங்கியது. அண்ணனும் அண்ணியும் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். டாக்டர் துணியை இழுத்து மூடிவிட்டுக் குழம்பிப்போய் நின்றார்.

"காணாமப் போய் மூணு வாரம்னு சொல்றீங்க. இந்த உடம்பு தண்ணியில ஊறவே இல்லையே. நேத்துதான் உயிர் போயிருக்கு."

"நேத்து எப்போ?" என்று கேட்டாள் அண்ணி.

டாக்டர் வாயைத் திறக்கும் முன் அண்ணன் சொன்னார். "சாயங்காலம்... நாலரை மணிக்கு."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"